வளர்ச்சிக்கு எல்லை உண்டா?

நிறைந்துவிட்ட பாத்திரத்தில் மேலும் நீர் ஊற்ற இயலாது. நிறைவு என்றாலே வளர்ச்சி முடிந்துவிட்டது என்றுதான் சாதாரணமாகப் பொருள் கொள்கிறோம். பண்டைய கிரேக்க ஞானிகள் பலரும் எல்லைக்கு உட்பட்டதையே முழுமையானது என்று கருதினார்கள். அப்படியானால், ஏசுநாதரின் வழியில் நடக்கும் ஒரு சாதகர், ‘இனி நான் வளர வேண்டியதில்லை’ என்று சொல்லக்கூடிய நாள் ஒன்று வருமா?

4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டில் அடங்கியுள்ள கப்பதோக்கியா பகுதியில் வாழ்ந்த ஆயர், நீசாவின் கிரகோரி. ‘மோசேயின் வாழ்க்கை’ என்ற தமது நூலில் அவர் இக்கேள்வியை ஆராய்கிறார். அளக்கக்கூடிய பொருள்களுக்கு எல்லை உண்டு. நற்குணத்திற்கோ அத்தகைய எல்லை இல்லை; அது நிற்கும் இடத்தில் தீமை தொடங்கிவிடுகிறது. இறைவன் எல்லையற்றவன், எனவே அவனை நாடும் உள்ளத்தின் தாகத்திற்கும் முடிவு இருக்க முடியாது. எரியும் முட்செடியில் இறைவனின் குரலைக் கேட்ட மோசே, மேகம் சூழ்ந்த மலையில் அவனோடு உரையாடிய பின்பும், அவனது மகிமையைக் காண வேண்டும் என்று வேண்டுகிறார். பெற்ற அனுபவம் தாகத்தைத் தணிக்கவில்லை, வளர்க்கிறது. இடைவிடாமல் நன்மையில் வளர்வதே ஒருவேளை மனிதனுக்குரிய முழுமையாகும் என்பது கிரகோரியின் கருத்து.

இது தனி மனிதனுக்குப் பொருந்துகிறது. பலர் கூடிய ஒரு சபைக்கு இது எவ்வாறு பொருந்தும்? சபையின் வளர்ச்சியை நாம் பெரும்பாலும் எண்ணிக்கையால் அளக்கிறோம். உறுப்பினர் பெருகலாம், கட்டடம் உயரலாம், காணிக்கை குவியலாம். அதே வேளையில் உள்ளங்கள் வறண்டும் போகலாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் வெஸ்லியின் (1703–1791) வாழ்க்கை இதற்கு நல்ல விளக்கமாகும்.

கடனில் பிறந்த நெறி

ஆக்ஸ்ஃபோர்டில் கற்று, குருப்பட்டம் பெற்று, கடல் கடந்து ஜார்ஜியா வரை சென்று தொண்டாற்றியும் வெஸ்லியின் மனம் அமைதி பெறவில்லை. 1738 மே 24 அன்று, லண்டனில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் அவரது உள்ளம் புதிய உறுதியைப் பெற்றது. மறு ஆண்டு முதல் அவர் திறந்த வெளிகளில் போதிக்கலானார். பிரிஸ்டலை அடுத்த சுரங்கத் தொழிலாளர் முதலான எளிய மக்கள் திரண்டு வந்து கேட்டார்கள்.

1742-இல் பிரிஸ்டல் அன்பர்கள் தாங்கள் கட்டிய மன்றத்தின் கடனைத் தீர்ப்பதற்காகக் கூடினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்பது யோசனை. ‘பலர் ஏழைகளாயிற்றே’ என்று தடை எழுந்தது. அப்போது ஓர் அன்பர், மிக ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், அவர்களால் தர இயலாததைத் தாமே தருவதாகவும் கூறினார். மற்றவர்களும் அவ்வாறே பொறுப்பேற்றார்கள்.

காசு திரட்ட வீடு வீடாகச் சென்றவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் குடி. இதைக் கேட்ட வெஸ்லி, தாம் நெடுநாள் தேடியது இதுவே என்று உணர்ந்தார். ஏறத்தாழ பன்னிருவர் கொண்ட அச்சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடி, ‘உன் ஆன்மா எந்த நிலையில் உள்ளது?’ என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் வகுப்புகளாயின. கடனுக்காகத் தோன்றிய ஏற்பாடு உள்ளங்களைக் காக்கும் நெறியாயிற்று.

இது தலையீடு ஆகாதா?

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயமே. ஒருவரது அந்தரங்கத்தைப் பிறர் விசாரிப்பது முறையா? அன்பின் பெயரால் அது அதிகாரமாக மாறிவிடாதா? இந்த அபாயம் உண்மையானது. வகுப்புகளை விட நெருக்கமான சிறு குழுக்களுக்காக 1738-இல் வகுக்கப்பட்ட விதிகள் இதற்கு விடையளிக்கின்றன. தன் குறைகளைப் பிறர் எடுத்துச் சொல்வதை விரும்புகிறாயா என்று முதலில் கேட்கப்படும். சம்மதமின்றி எவரும் சேர்க்கப்படுவதில்லை. அது மட்டுமன்று, ஒருவர் முதலில் தமது நிலையைச் சொல்லிய பின்னரே மற்றவர்களை விசாரிக்க வேண்டும். தன்னைத் திறந்து காட்டாதவன் பிறரைத் திறக்கச் சொல்லும்போதுதான் விசாரணை கொடுமையாகிறது.

மனம் தன்னைத் தானே ஏமாற்றுவதில் வல்லது. தனிமையில் இருப்பவன் தன் சோம்பலை அமைதி என்றும், பிடிவாதத்தை உறுதி என்றும் எண்ணிக்கொள்ளக் கூடும். அருகில் உள்ள சகோதரனின் கண் அந்த மயக்கத்தைக் கலைக்கிறது.

வெற்றியே தடையாகும்போது

வெஸ்லி மறைந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அவரது சங்கங்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1786-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், முதியவரான அவர் தமது கவலையை வெளியிட்டார். சங்கங்கள் அழிந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை; உயிரற்ற வடிவமாக நிலைத்திருந்துவிடுமோ என்றே அஞ்சினார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் தருகிறது. அவை செல்வத்தைத் தருகின்றன. செல்வம் கர்வத்தை வளர்த்து, தன்னைப் பெற்ற பக்தியையே விழுங்குகிறது. நேர்மையாக ஈட்டுபவனும் சேமிப்பவனும் இயன்றதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர் கண்ட ஒரே மருந்து.

பின்னாளில், 19ஆம் நூற்றாண்டில், சபைகள் மதிப்பும் வசதியும் பெற்றபோது வகுப்புகள் பல இடங்களில் மெல்லத் தேய்ந்தன. உறுப்பினர் பட்டியல் இருந்தது. ஒருவரையொருவர் விசாரிக்கும் பழக்கம் குறைந்தது.

கிரகோரி தனி மனிதனுக்குச் சொன்னது இவ்வாறு சபைக்கும் பொருந்துகிறது. ‘அடைந்துவிட்டோம்’ என்ற எண்ணம் தோன்றும் இடத்தில்தான் வீழ்ச்சி தொடங்குகிறது. எனவே ஒரு சபை வளர்கிறதா என்பதை அறிய விரும்புவோர் அதன் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன், அதன் மிக ஏழையான உறுப்பினரின் வாசலுக்குச் செல்வது நலம். இந்த வாரம் எவரேனும் அங்கு வந்து, தம் குறையையும் மறைக்காமல் சொல்லி, அவரது நலத்தையும் கேட்டுச் சென்றிருந்தால், அங்கே வளர்ச்சி நின்றுவிடவில்லை.