திருவாலவட்டம்

11ஆம் நூற்றாண்டில் பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கரியம் புரிந்தார். அலுவல்களை எண்ணிப் பார்ப்பவருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. வீசிய காற்று மறுகணம் நில்லாது. ஆயினும், இராமாநுசரின் ஐயங்களுக்குப் பெருமாள் ஆறு வார்த்தைகளாக விடை அருளியது அந்நம்பிகள் வாயிலாகவே என்று குருபரம்பரை கூறும். அவற்றுள் ஒன்றின்படியே அவர் பெரிய நம்பிகளை ஆசாரியராகப் பற்றினார், சம்பிரதாயம் தழைத்தது.

உற்சவ நாட்களில் பந்தலுக்கும் மடைப்பள்ளிக்குமாக ஓடும் அன்பர் சிலர், புறப்பாட்டில் திருமுக மண்டலத்தை ஒருமுறையேனும் சேவிப்பதில்லை. (பந்தலும் வேண்டியதே.) ஓட்டம் குற்றமன்று, யார் பொருட்டு என்பது மறந்துபோவதே குற்றம்.

இனி, அந்நம்பிகளே தம் கைங்கரியத்துக்குப் பயனாக மோட்சம் வேண்டியபோது, வீசியதற்குப் பேசியாயிற்று என்று பெருமாள் கணக்கைத் தீர்த்துவிட்டாராம்.