மென்னளவீடும் மெய்ம்மையும்: ஓர் அறிவாய்வியல் நோக்கு

அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளை மாற்றலாகாது என்பது பொதுவான எதிர்பார்ப்பு. குவாண்டம் இயற்பியலில் இது நிறைவேறுவதில்லை. துகளின் தற்சுழற்சியை அளந்த அளவிலேயே அதன் முன்னைய நிலை குலைகின்றது. இதற்கு மாற்றாக 1988இல் யாக்கிர் அகரோனவ், டேவிட் ஆல்பர்ட், லெவ் வைட்மன் ஆகிய மூவரும் முன்வைத்ததே மென்னளவீடு. இதில் கருவிக்கும் துகளுக்கும் இடையிலான பிணைப்பு மிக மெலிதாக வைக்கப்படும். ஒருமுறை அளந்தால் ஏறத்தாழ எதுவும் தெரியாது. ஒரே நிலையில் ஆயத்தம் செய்யப்பட்ட பல துகள்களின் சராசரியே பொருள் தரும். அச்சராசரியும் எல்லாத் துகள்களுக்கும் உரியதன்று. இறுதியில் மற்றோர் அளவீடு செய்து, குறித்த விளைவைத் தந்தவற்றை மட்டும் கொண்டு ஏனையவற்றைக் கைவிடுவர். இவ்வாறு பெறப்படுவது மென்மதிப்பு எனப்படும்.

வழக்கமான அளவீட்டில் +1/2 அல்லது -1/2 மட்டுமே தரவல்ல தற்சுழற்சிக் கூறு இம்முறையில் 100 எனவும் வரக்கூடும். அவர்தம் கட்டுரையின் தலைப்பே இதனை அறிவித்தது. தொடக்க நிலையும் இறுதி நிலையும் பெரிதும் முரணும்போது, அதாவது தேறும் துகள்கள் மிகச் சிலவாகும்போது, இவ்விந்தை நிகழும்.

இந்த 100 துகளின் பண்பா, தெரிந்தெடுத்தவர் செயலின் விளைவா என்பதே வினா. தமிழாய்வாளர்க்கு இது புதியதன்று. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளில் அமைந்திருத்தல் கொண்டு அக்காலப் புலவர் சுருங்கப் பாடினர் என முடிவு செய்தல் பொருந்தாது. அது தொகுத்தவரின் வரையறை. எனினும் இவ்வொப்புமை ஓரெல்லை வரையே செல்லும். தொகுப்பவர் இல்லாத அடிகளை ஆக்குவதில்லை. +1/2, -1/2 என்பவற்றுள் எவற்றைத் தெரிந்தெடுப்பினும் சராசரி 100 ஆகாது. மென்னளவீட்டில் கருவிமுள்ளின் நிலைகளிடையே நிகழும் குறுக்கீடே அவ்வெண்ணை ஆக்குகின்றது. செவ்வியல் நாணயச் சுண்டலிலும் இத்தகைய எண்ணைப் பெறலாம் என 2014இல் ஃபெரியும் கோம்ப்சும் வாதிட்டனர், அவ்வாதமும் மறுக்கப்பட்டது. ஆதலின் மென்மதிப்பை வெறும் தெரிவின் மயக்கம் எனத் தள்ளுதல் அவசரமாகும். தனித்துகளின் உடைமை எனக் கொள்ளுதல் அதனினும் அவசரமாகும். தொடக்கம், முடிவு, கருவி ஆகிய மூன்றன் உறவைக் குறிக்கும் எண் எனக் கொள்வதே தகும்.

2008இல் ஹோஸ்டனும் குவியாட்டும் ஒளிக்கற்றையின் மிக நுண்ணிய இடப்பெயர்ச்சியை இம்முறையால் பெருக்கிக் கண்டனர். பயன் ஐயத்திற்கு இடமற்றது. பயன்படுவதெல்லாம் மெய்ம்மைப் பண்பாகிவிடாது. 2011இல் ஸ்டைன்பெர்க் குழுவினர் இரட்டைப் பிளவு ஆய்வில் ஃபோட்டான்களின் பாதைகளை வரைந்தபோது, கட்டுரைத் தலைப்பிலேயே ‘சராசரி’ என்னும் அடைமொழியை இட்டனர். எந்த ஒரு ஃபோட்டானும் அக்கோட்டின் வழியே சென்றதாக அவ்வரைபடம் காட்டுவதில்லை.