வாயில்லாப் பூனை

என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்த காலம் யாருக்கும் ஞாபகமில்லை. பஸ் டிக்கெட்டுகள், மை காய்ந்த பேனா, அப்பாவுக்குத் தாத்தா எழுதிய இன்லேண்ட் லெட்டர், நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்த கிறுக்கல்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தேன். பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. நம்ம பொருள், நம்ம பக்கம்.

நிறைய பேருக்குப் பிடித்தது ஒரு பூனை. வாய் இல்லாத பூனை, தலைக்கு மேல் ஒரு ஃபேன். காலேஜில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கிளாஸ் நடுவில் வரைந்து என் பக்கம் தள்ளியது. ‘சோ க்யூட்’ என்று கமெண்ட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அன்றிரவு அவளிடமிருந்து மெசேஜ்: “அதை எடுத்துடுடி, ப்ளீஸ்.”

எடுத்துவிட்டு ஃபோன் பண்ணினேன். அந்த செமஸ்டரில் ஹாஸ்டல் அறையில் யாரிடமும் பேசாமல் கிடந்த நாட்களைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். படத்தில் ஃபேன் எதற்கு என்றும் சொன்னாள். அவ்வளவு வருஷம் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒருநாளும் அதைப் பார்த்திருக்கவில்லை.

தாள் என்னுடையது. படம்? சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: நமக்கு வந்த கடிதத்தின் காகிதம் நமக்குச் சொந்தம், காப்பிரைட் எழுதியவருக்கு. படத்துக்கும் அப்படித்தான். ஆனால் அவள் கேட்டது காப்பிரைட் இல்லையே.

இந்த இடத்தில் எல்லோரும் காஃப்காவை இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். 1924இல் இறந்த காஃப்கா, எழுத்துகளோடு தான் வரைந்தவற்றையும் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்திருந்தார். பிராட் எரிக்கவில்லை. வங்கிப் பெட்டகம், நீண்ட வழக்கு எல்லாம் தாண்டி அந்தப் படங்கள் முழுத் தொகுப்பாக 2021இல் வந்தன. பிராட் செய்தது சரி என்று நான் நண்பர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். ‘விசாரணை’ இல்லாத உலகம் எனக்கு வேண்டாம். இப்போதும் வேண்டாம்தான். ஆனால் பிராட் எதை மீறுகிறோம் என்று தெரிந்து மீறினார். கேட்பதற்கு நண்பர் உயிரோடு இல்லை. என் தோழி ஒரு ஃபோன் தூரத்தில் இருந்தாள். நான் கேட்கவே இல்லை.

போடாமல் இருந்திருந்தால் அவள் இதைச் சொல்லியிருக்கவே மாட்டாள் என்பதும் உண்மை. அதை என் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

“திருப்பிக் கொடுத்துடட்டுமா?”

“வேணாம், நீயே வச்சுக்கோ. யாருக்கும் காட்டாம வச்சுக்கோ.”

தாத்தாவின் லெட்டரையும் போட்டிருந்தேன், கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று. அவசரமாக இருநூறு ரூபாய் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதியது. தாத்தா இப்போது இல்லை. அப்பாவிடம் காட்டி, “இது இருக்கலாமாப்பா?” என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“இந்தப் பணத்த நான் அனுப்பலயே” என்றார்.