வழுவும் வழுவமைதியும்

விதியிலிருந்து வழுவுவதே பிழை என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் இலக்கணம். மாணவன் பெருக்கலில் தவறினால் வாய்பாட்டைக் காட்டித் திருத்துகிறோம். சொல்லைத் தவறாக எழுதினால் அகராதியைக் காட்டித் திருத்துகிறோம். ஆனால், வாய்பாடே தவறாக அமைந்துவிட்டால் எதனைக் காட்டித் திருத்துவது? அத்தவறான வாய்பாட்டை நம்பி ஆயிரக்கணக்கானோர் தமது காரியங்களை அமைத்துக்கொண்ட பின்னர் அதனை மாற்றும் உரிமை எவருக்கு உண்டு? மாற்றத்தினால் விளையும் சிரமத்தை எவர் சுமப்பது? இவை சட்டத்துக்கும் சமுதாய வழக்காறுகளுக்கும் பொதுவான வினாக்கள். எனினும், அண்மைக் காலத்தில் இவை மிகத் தெளிவான வடிவிலே எழுந்த இடம் ஒன்றுண்டு. கணனிகளுக்கான நிரல்மொழிகளை ஆக்குவோர் தமக்குள்ளே நடத்தும் விவாதமே அது.

நிரல்மொழி என்பது கணனி செய்யவேண்டிய வேலையை மனிதன் எழுதிக் கொடுப்பதற்கென வகுக்கப்பட்ட மொழி. மனிதர் தம்முட் பேசும்போது ஒருவர் தவறாகச் சொன்னாலும் மற்றவர் கருத்தறிந்து கொள்வர். இயந்திரத்துக்கு அவ்வனுதாபம் இல்லை. விதி எவ்வாறு உளதோ அவ்வாறே அது செய்து முடிக்கும். ஆதலின் விதியிலுள்ள குறை இடையிலே எவராலும் சரிசெய்யப்படாமல் நேரே விளைவில் வந்து சேரும்.

இத்துறையில் நேரும் பிழையைத் தமிழில் 'வழு' என்ற பழைய இலக்கணச் சொல்லாலேயே குறிக்கின்றனர். அது பொருத்தமானதே. நமது இலக்கண ஆசிரியர்கள் சொல்வழக்கை வழாநிலை, வழு, வழுவமைதி என்று பிரித்துக் கண்டனர். இலக்கணம் பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. வீட்டுப் பசுவை அன்பு மிகுதியால் அம்மா என்று உயர்திணைப்படுத்திச் சொல்வது இம்மூன்றாம் வகையினது. காரணம் இன்றேல் அமைதியும் இல்லை என்பது இப்பாகுபாட்டின் உயிர்நிலை. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

பைதன் என்னும் நிரல்மொழியின் வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்து தேசத்தவரான கைடோ வான் றொசம், அம்ஸ்டர்டாமிலுள்ள கணித, கணனியியல் ஆய்வு நிலையத்திற் பணியாற்றுகையில், 1989 டிசெம்பரில் இம்மொழியை ஆக்கத் தொடங்கினார்; 1991 பெப்ரவரியில் வெளியிட்டார். இது திறந்த மூல மொழி. அதாவது, இதன் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம்; மாற்றலாம்; பிறர்க்கு வழங்கலாம். உலகின் பல பாகங்களிலுமுள்ளோர், பெரும்பாலும் ஊதியமின்றி, இதனை வளர்த்து வந்துள்ளனர். முக்கியமான மாற்றத்தை விரும்புவோர் தமது முன்மொழிவை எண்ணிட்ட ஆவணமாக எழுதி, அதற்கான காரணங்களையும் மறுப்புகளையும் அதிலே பதிந்து, பொதுவிவாதத்துக்கு வைக்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

இம்மொழியின் முந்திய பதிப்புகளில் 1/2 என்று எழுதினால் விடை அரை அன்று, சூனியம். முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் விடையும் முழுவெண்ணாகவே இருத்தல் வேண்டும், பின்னம் கழிக்கப்படும் என்பது விதி. சீ என்னும் முந்திய மொழியிலிருந்து பெறப்பட்ட வழக்கம் இது. ஆனால் சீ மொழியில், எண்ணைத் தாங்கும் ஒவ்வொரு பெயரும் முழுவெண்ணுக்குரியதா, தசம எண்ணுக்குரியதா என்பதை எழுதுபவர் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். பைதனில் அவ்வறிவிப்பு இல்லை. ஆகவே ஒரே நிரல் 1.0 என்று கொடுத்தால் ஒரு விடையும் 1 என்று கொடுத்தால் வேறொரு விடையும் தந்தது. ஓர் ஆசிரியர், 40க்கு 35 புள்ளி பெற்ற மாணவியின் நூற்றுவீதத்தை அறிய 35/40*100 என்று எழுதுகிறார் என்போம். 35ஐ 40ஆல் வகுக்க 0. அதனை 100ஆற் பெருக்க 0. எண்பத்தேழரை வீதம் பெறவேண்டிய மாணவி சூனியம் பெறுகிறாள். கணனி எவ்வித எச்சரிக்கையும் தருவதில்லை. தவறிய நிரல் இடையிலே நின்றுபோனால் மனிதன் விழித்துக்கொள்வான். ஓசையின்றிப் பொய்விடை தரும் நிரலோ நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டே கேடு விளைக்கும்.

இதனை வழு என்று கூறியோர்க்குத் தேர்ந்த நிரலாளர் பலர் அளித்த பதில் யாது? 'இது வழு அன்று. விதி இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. விதியைப் படியாதவனே குற்றவாளி' என்பதாகும். தருக்க ரீதியில் இதிலே குறைகாண முடியாது. ஆனால் இது எதனையும் நிரூபிக்கவுமில்லை. விதி சரியானதா என்று கேட்டவனுக்கு விதி இதுதான் என்று விடைபகர்வது, குற்றஞ்சாட்டப்பட்டவரையே தமக்குச் சாட்சியாக அழைப்பது போன்றது. காலங்கடந்த வழக்காறுகள் யாவும் தம்மைக் காத்துக்கொள்ளும் முறை இதுவே என்பதைச் சமுதாய வரலாறு அறிந்தோர் உணர்வர்.

நல்ல சாட்சி வேறோர் இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ராண்டி போஷ் என்பவரின் தலைமையில் இயங்கிய குழுவினர், நிரல் எழுதிப் பழகாதவர்க்கென ஆலிஸ் என்ற மென்பொருளை அமைத்தனர். 1990களில் அதன் அடிப்படை மொழியாகப் பைதன் பயன்பட்டது. புதிதாகக் கற்போரை அவதானித்தபோது, அவர்கள் திரும்பத் திரும்ப இடறிய இடங்களுள் இவ்வகுத்தலும் ஒன்று எனக் கண்டனர். தமது பதிப்பில் 1/2 அரையாகவே வருமாறு மாற்றியும் கொண்டனர். இவ்வனுபவம் றொசமின் சிந்தனையையும் பாதித்தது.

இங்கே ஆசிரியர்கள் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கற்பவன் இடறும்போது பெரும்பாலும் தன்னையே நொந்துகொள்கிறான். 'எனக்கு விளங்கவில்லை' என்கிறானேயன்றி 'இது தவறு' என்று சொல்லத் துணிவதில்லை. விதியை நன்கு கற்றுத் தேர்ந்தவனுக்கோ, தான் பட்ட சிரமமே ஒரு முதலீடாகிவிடுகிறது. பிறரும் அச்சிரமத்தைப் பட்டே தீரவேண்டுமென அவன் கருதத் தலைப்படுகிறான். இவ்வாறாக, ஒரு விதியின் குறையை அனுபவிப்போர் பேசாதிருக்க, அதற்குப் பழகிப்போனோர் தீர்ப்புக் கூறுகின்றனர். ஒரே படியில் வகுப்பு முழுவதும் இடறுமாயின், மாணவரின் கால்களை ஆராய்வதற்கு முன்னர் படியை ஆராய்தல் அறிவுடைமை.

அவ்வாறாயின், கற்பவன் இடறும் இடமெல்லாம் விதியின் குற்றம் எனலாமா? அதுவும் பொருந்தாது. பைதனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். இதுவும் வழுவெனப் பன்முறை முறையிடப்பட்டதுண்டு. ஆயின் இதன் காரணம் வேறு. கணனி எண்களைத் துவித முறையில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முடிவுற எழுத இயலாதவாறே, பத்தில் ஒன்றைத் துவிதத்தில் முடிவுற எழுத இயலாது. எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். தசம முறையிலேயே கணக்கிடும் கருவியை வேண்டுவோர்க்கு அதுவும் உண்டு. ஆனால் அதிலே மூன்றில் ஒன்று முடிவுறாது. எம்முறையைக் கொண்டாலும் ஏதோ ஒரு பின்னம் எஞ்சும். இவ்விடத்திற் பரிகாரம் விதியை மாற்றுவதன்று, விளங்க வைத்தலே. பொருளின் இயல்பினால் வரும் கடினம் ஒன்று. மனிதர் எடுத்த முடிவினால் வரும் கடினம் மற்றொன்று. முன்னையதை விதியின் குற்றம் என்று பழிப்பது அறியாமை. பின்னையதை இயற்கை நியதி என்று சாதிப்பது அதனினும் தீது; ஏனெனில் மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம் என்ற உண்மையை அது மறைக்கிறது.

இனி மறுதரப்பின் நியாயத்தையும் கேட்போம். 2001ஆம் ஆண்டில் வகுத்தல் விதியை மாற்றும் முன்மொழிவு வெளிவந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோரெல்லாம் பழைமைவாதிகள் என ஒதுக்கிவிடுதல் தகாது. பழைய விதியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். அவற்றுட் பல, பின்னம் கழிக்கப்படுவதையே வேண்டி எழுதப்பட்டவை. விதி மாறின் அவையும் ஓசையின்றிப் பொய்விடை தரத் தொடங்கும். வெளியிடப்பட்ட விதி ஒரு வாக்குறுதி. அதனை நம்பியவனுக்கு, 'நீ நம்பியது தவறு' என்று பின்னர் கூறுதல் நேர்மையாகாது.

ஆயினும் வாக்குறுதி என்ற நியாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவேட் பெல்ட்மன் என்பவர் மேக் என்ற கருவியை ஆக்கினார். அதிலே சில வரிகள் டாப் விசையால் இடப்படும் வெற்றிடத்துடனேயே தொடங்கவேண்டும். சாதாரண வெற்றிடம் இட்டால் ஏற்காது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இது சங்கடமானது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டசின் பேர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்குத் தொல்லை தர விரும்பாது விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். ஐம்பது ஆண்டுகளாக அக்கருவியைக் கையாள்வோர் தலைமுறை தலைமுறையாக அவ்விடத்தில் இடறுகின்றனர். ஒரு டசின் பேரிடம் காட்டிய மரியாதை குற்றமன்று. ஆனால், இன்றுள்ளோரின் சிரமம் கண்முன் நிற்பதுபோல, இனி வருவோரின் சிரமம் நிற்பதில்லை. அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. பொதுவுடைமையாகிய ஒன்றைப் பேணுவோர், வந்திராதவர்களின் பொருட்டும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

வகுத்தல் விவகாரம் எவ்வாறு தீர்ந்தது? 2001 டிசெம்பரில் வெளியான 2.2ஆம் பதிப்பில், பின்னம் கழிக்கும் வகுத்தலுக்கென // என்ற தனிக்குறி வகுக்கப்பட்டது. புதிய விதியை விரும்புவோர் தமது நிரலின் தலைப்பில் அவ்வாறு அறிவித்து அதனைக் கைக்கொள்ளலாம் என விடப்பட்டது. மற்றையோர்க்குப் பழையதே நின்றது. 2008 டிசெம்பரில் வெளியான 3.0ஆம் பதிப்பிலேதான் 1/2 யாவர்க்கும் அரையாயிற்று. பழைய பதிப்பை ஆதரிக்கும் காலமும் முதலில் 2015 எனக் குறிக்கப்பட்டுப் பின்னர் 2020 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டது. ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள்! வகுத்தற் குறி ஒன்றிற்காக மாத்திரம் இத்தனை காலம் சென்றது என்று கொள்ளற்க. வேறு பல திருத்தங்களும் 3.0இல் அடங்கியிருந்தன. அக்காலமெல்லாம் இரு பதிப்புகளுக்கும் பொருந்த எழுதும் இரட்டைச் சுமையைப் பலர் சுமந்தனர். மாற்றத்தைத் தாமாக வேண்டியிராத, கூலியும் பெறாத தொண்டர்கள் அவர்களிடையே பலர். நியாயமான திருத்தமும் இலவசமாக நடைபெறுவதில்லை. அதன் செலவு எவரோ ஒருவரின் உழைப்பு. இதனை மறைத்து முன்னேற்றம் பேசுதல் தகாது.

எஞ்சியுள்ள வினா, தீர்ப்புக் கூறும் அதிகாரம் பற்றியது. நெடுங்காலம் இறுதி முடிவு றொசமிடமே இருந்தது. 'நன்னோக்குடைய ஆயுட்காலச் சர்வாதிகாரி' என்று அவரைப் பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் அழைத்தனர். 2018இல், கணக்கிட்ட பெறுமதி ஒன்றுக்கு அவ்விடத்திலேயே பெயரிட்டுக்கொள்ள உதவும் := என்ற குறியைச் சேர்ப்பது பற்றி நீண்ட, கசப்பான விவாதம் நிகழ்ந்தது. அவர் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தார். அதன்பின், அவ்வாண்டு ஜூலையில், தமது அதிகாரத்தைத் துறந்தார். பின்னுரிமையாளர் எவரையும் அவர் நியமிக்கவில்லை. மொழியை வளர்ப்போர் பல ஆட்சிமுறைகளை எழுதி ஆராய்ந்து வாக்களித்து, ஐவர் கொண்ட சபையொன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவ்வாண்டிறுதியில் ஏற்றனர். ஒரே தொழில்தருநரிடம் ஊழியம் புரிவோர் இருவருக்கு மேல் அச்சபையில் இருத்தலாகாது என்ற விதி குறிப்பிடத்தக்கது. பெருநிறுவனங்கள் தமது ஊழியரைக்கொண்டே பொதுச்சொத்தை வசப்படுத்திவிடக்கூடும் என்பதை உணர்ந்து இட்ட வேலி அது. 2019இல் முதற் சபை தெரிவானபோது றொசமும் ஐவருள் ஒருவராக இடம்பெற்றார். சர்வாதிகாரியாயிருந்தவர் வாக்காற் பெற்ற இருக்கையிற் பிறரோடு சமமாக அமர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

இருப்பினும் இவ்வமைப்பை இலட்சிய சமுதாயம் என்று போற்றிவிடலாகாது. கதவு திறந்திருத்தல் வேறு. உள்ளே வர இயலுதல் வேறு. விவாதம் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. அதிலே ஈடுபட ஓய்வுநேரம் வேண்டும். கடுஞ்சொற்களைத் தாங்கும் மனமும் வேண்டும். பகல் முழுவதும் பிழைப்புக்கு உழைப்பவனுக்கும், ஆங்கிலம் வாய்க்காதவனுக்கும் சட்டப்படி உரிமை உண்டு. நடைமுறையில் அது அரையுரிமையே. பின்னத்தைக் கழித்துவிடும் பழைய வகுத்தல் விதியைப் போலவே சபைகளும் சிலவேளை அரைகளைச் சூனியமாக்கிவிடுகின்றன.

ஆகவே, விதியொன்றைக் காப்போர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இக்கடினம் பொருளின் இயல்பா, நமது முடிவா? நமது முடிவாயின், அதனைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கு இன்றும் காரணம் உண்டா, அன்றிப் பழக்கம் மாத்திரமா? திருத்துவதாயின், அதன் சுமை வலியவர்மீது விழுகின்றதா, மெலியவர்மீதா? காரணமுள்ள பிறழ்ச்சியை வழுவமைதியாக ஏற்போம். காரணம் செத்த பின்னும் நிலைத்திருப்பது வழுவே. எத்தனை ஆண்டு நின்றாலும் அது வழாநிலை ஆகிவிடாது. கணனி மொழிக்கு மாத்திரமன்றி, நமது பாடசாலைகளிலும் பரீட்சைகளிலும் ஊர் வழக்கங்களிலும் 'இதுதான் விதி' என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் இவ்வினாக்கள் உரியன. அவற்றை முதலிற் கேட்கவேண்டியவர்கள் விதியைக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றுள்ள ஆசிரியர்களே.