எல்லைக்கல்லும் மனிதனும்



ஒற்றசேகரமங்கலம் என் தந்தையின் ஊர். விளவங்கோடு தாலூகா என் தாயின் பிறந்தகம். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 31 வரை இரண்டும் ஒரே இராஜ்யம். மறுநாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எனும் நான்கு தாலூகாக்களும் சென்னை இராஜ்யத்தில் கன்னியாகுமரி ஜில்லாவாயின. நெய்யாற்றின்கரை தாலூகா கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டனர் நேசமணியின் தலைமையில் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸார். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் உயிர்கள் மாய்ந்தன. எங்கள் ஊரில் தமிழ் பேசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்கள் எந்நாட்டவர்?

பகவன் பிறந்த லும்பினி இன்று நேபாளத்தில் உள்ளது. பரிநிர்வாணமெய்திய குசிநாரா இந்தியாவில் உள்ளது. அவர் நடந்து திரிந்த காலத்தில் இடையே இக்கோடு கிடையாது. ஆயினும் புத்தர் எங்கள் நாட்டவர் என இருபுறத்தாரும் வாதிடுவதைக் கேட்கிறோம். (ஒரு நாட்டையே துறந்து சென்றவருக்கு நாம் நாட்டுரிமைச் சீட்டு எழுதுகிறோம்!)

மில் வேலையை விட்டுத் தம்மம் உரைக்கப் புறப்பட்ட புதிதில் இவ்வினாவுக்கு நான் எளிதாக விடை கூறிவிடுவேன். சக்கரமா தேர், அச்சா தேர் என நாகசேனர் மிலிந்த மன்னனைக் கேட்டதைச் சொல்லி, தமிழன் என்பதும் மலையாளி என்பதும் வழக்குப் பெயர்களே, பற்று விடுங்கள் என்பேன். கேட்போர் தலையசைப்பர்.

என் தம்பி மகன் பிழைப்புக்காகக் களியக்காவிளை கடந்து குடியேறினான். மகளின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றான். கேரளத்துச் சான்று இங்குச் செல்லாது என்றனர். ஓரிரவு என் உரை முடிந்ததும் அவன் கேட்டான்: "பெரியப்பா, அநாத்மம் சரி. என் மகளுக்குச் சான்றிதழ் யார் கொடுப்பார்?" அன்று எனக்கு விடை வரவில்லை.

பௌத்தம் தழுவிய பட்டியலினத்தார்க்கு உரிமை அளிக்கும் சட்டத் திருத்தம் 1990-இல்தான் வந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவனாயிருப்பவன் குடிபெயர்ந்தால் மற்றொரு மாநிலத்தில் அவ்வுரிமை தொடராது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1990-இல்தான். ஒரு கதவு திறந்த ஆண்டிலேயே மற்றொன்று மூடிற்று. தமிழ்நாட்டின் பட்டியலிலும் வண்ணார் கன்னியாகுமரி ஜில்லாவிலும் செங்கோட்டை தாலூகாவிலும் மட்டும் பட்டியலினத்தவர். அடுத்த ஜில்லாவில் அல்லர். பழைய திருவிதாங்கூர் எல்லை தேசப்படத்தில் அழிந்தது, மனிதர்மேல் அழியவில்லை.

நூற்பு மில்லில் கோன்களின் மேல் சீட்டு ஒட்டுவோம். சீட்டு நூலன்று, 40-ஆம் நம்பர் நூல் சீட்டில்லாமலும் 40-ஆம் நம்பரே. ஆனால் 60 என்று தவறாக ஒட்டினால் நெசவாளியின் பாவு கெடும், கூலி போகும். சீட்டு வெறும் காகிதம் என்று அவனிடம் கூறலாமோ? வழக்குப் பெயர் பரமார்த்தத்தில் இல்லை என்பது உண்மையே. அது வழக்கில் செய்யும் துன்பமும் அவ்வளவு உண்மை. முன்னதை மட்டும் உரைத்துப் பின்னதை மறைத்தவன் நான். அதனை இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1955-இல் எழுதிய நூலில், ஒரு மாநிலத்திற்கு ஒரு மொழி போதும், ஒரு மொழிக்கு ஒரே மாநிலம் வேண்டியதில்லை என்றார். பெரும்பான்மைச் சாதியின் ஆதிக்கத்தில் சிறியோர் நசுங்குவர் என அஞ்சினார். அவர் நாகபுரியில் பௌத்தம் தழுவிய 1956 அக்டோபர் 14-க்குப் பதினெட்டாம் நாள் எங்கள் எல்லை வரையப்பட்டது. எல்லை எப்பக்கம் விழுந்தாலும் சேரியின் கிணறு அதே இடத்தில்தான் இருந்தது.

ரோகிணியாற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் ஆயுதமேந்தினர். பகவன் இடையே நின்று, நீர் பெரிதோ, மக்கள் குருதி பெரிதோ என வினவினார். எங்கள் நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் ஒரே இராஜ்யமாயிருந்தபோது திட்டமிடப்பட்டது. விளவங்கோட்டு வயல்களுக்கும் அதில் பங்குண்டு. 2004-இல் கேரளம் நீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. நெய்யாறு எங்கள் நிலத்திலேயே பிறந்து எங்கள் கடலிலேயே கலக்கிறது என்கிறது ஒரு தரப்பு. வாய்க்கால் எங்களுக்காகவும் வெட்டப்பட்டது என்கிறது மறு தரப்பு. ஆற்றுக்கு மேல்பக்கத்தில் பிறந்த நானும், என் தாய்மாமன் வயல் எப்பக்கம் என்று பார்த்தே பல காலம் பேசினேன்.

தம்பி மகனின் மனு இன்னும் முடியவில்லை. வரும் திங்கட்கிழமை அவனுடன் நானும் அவ்வலுவலகத்துக்குச் செல்கிறேன்.