மெல்லிய ஓசைக்குச் செவிகொடுப்போம்



சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் திருவிழாக் கமிட்டியார் என்னிடம் வந்தார்கள். "சாமி, போன வருஷம் பிரசங்கம் கடைசித் தெரு வரைக்கும் கேட்கவில்லை. இந்த வருஷம் இன்னும் நாலு ஒலிபெருக்கி கட்ட வேணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் உடனே பதில் சொல்லாமல் ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டேன். அந்தப் பதிலைத்தான் இன்று எழுதுகிறேன். ஆனால் ஒலிபெருக்கிக்கு வருமுன் ஒரு பழைய வாத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

நான் குருமடத்தில் படித்த நாளில், எங்களுக்குச் சங்கீதம் கற்றுக்கொடுத்த வயோதிபச் சாமியார் ஒருவர் இருந்தார். ஒரு மத்தியான வேளையில் எங்களில் நாலைந்து பேரைத் தம் அறைக்குக் கூப்பிட்டு ஓர் இசைத்தட்டைப் போட்டார். ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்தில் வாசித்தது. எங்கள் காதுக்கோ அது சில்லறைக் காசைத் தகரத்தில் கொட்டுவதுபோல இருந்தது. ஒன்றும் புரியவில்லையே என்று நான் எழுந்து சத்தத்தைக் கூட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தத்தைக் கூட்டாதே தம்பி, மின்விசிறியை நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தச் சொன்னார். வியர்வை வழிந்தது. அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். முன்பு ஒரே இரைச்சலாய்க் கேட்டது இப்போது இரண்டு குரல்களாய்ப் பிரிந்தது. வலக்கை ஒன்று கேட்க, இடக்கை அதற்கு மறுமொழி சொல்லிற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மௌனம் இருந்தது. கட்டையை விட்டதும் உள்ளே மரத்துண்டு திரும்பி விழுகிற சின்ன ஓசைகூடக் கேட்டது. தட்டு மாறவில்லை, சத்தமும் கூடவில்லை. நாங்கள்தான் மாறியிருந்தோம்.

இந்த வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தால், அன்று அந்தச் சாமியார் செய்ததின் பொருள் விளங்கும். வெளித்தோற்றத்தில் இது பியானோவைப் போல இருக்கும். ஆனால் உள்ளே வேறு. பியானோவில் சிறு சுத்தியல்கள் தந்தியை அடிக்கின்றன. ஹார்ப்சிகார்டிலோ, கட்டையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரச்சட்டம் எழும்பி, அதில் செருகியிருக்கிற இறகுத் தண்டின் துணுக்கு தந்தியை மீட்டுகிறது. நம் வீணைக்காரர் விரலால் செய்வதை இங்கே ஓர் இறகு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாளில் அதற்குப் பெரும்பாலும் காகத்தின் இறகையே உபயோகித்தார்கள். கட்டையை விட்டதும் சட்டம் கீழே இறங்கி, அதிலுள்ள துணித்துண்டு தந்தியின்மேல் அமர்ந்து நாதத்தை அடக்கிவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. கட்டையை நீங்கள் ஓங்கி அடித்தாலும் மெதுவாய் அழுத்தினாலும் சத்தத்தில் பெரிதாய் வித்தியாசம் வராது. இறகு மீட்டுகிற அளவே அதன் அளவு. 1700-ம் ஆண்டையொட்டி இத்தாலியிலே பார்த்தொலோமேயோ கிறிஸ்தோபொரி என்பவர் பியானோவை உண்டாக்கினார். அதில் விரலின் பலத்துக்கேற்பச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஆகவே 18-ம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஹார்ப்சிகார்டு மெல்ல மெல்ல மூலைக்குப் போய்விட்டது. 20-ம் நூற்றாண்டில் வாந்தா லாந்தோவ்ஸ்கா என்ற பெண்மணி முதலானோர் அதைத் திரும்பவும் சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

சத்தத்தைக் கூட்ட முடியாத வாத்தியத்தை வைத்துக்கொண்டு பழைய வித்துவான்கள் என்ன செய்தார்கள்? நம் தேசத்தில் வீரமாமுனிவர் வேதம் போதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், பாரிஸ் நகரில் பிரான்சுவா கூப்பரேன் என்பவர் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும், அரசருக்கு ஊழியஞ்செய்தும் வந்தார். 1716-ம் ஆண்டில் அவர் ஹார்ப்சிகார்டு வாசிக்கும் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்த வாத்தியத்தில் நாதத்தை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது என்பதை அதில் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுகிறார். பின்பு இரண்டு உபாயங்களைச் சொல்லுகிறார். ஒன்று, ஒரு சுரத்தை அதன் வேளைக்குச் சற்றுப் பொறுத்து, தாமதித்து வாசிப்பது. மற்றொன்று, ஒரு சுரத்தைச் சற்று முன்னதாகவே விட்டுவிட்டு, அந்த இடத்தில் மௌனத்தை வைப்பது. பலத்தால் ஆகாததைப் பொறுமையாலும் மௌனத்தாலும் செய்தார் என்று பாருங்கள். கேட்கிறவன் உருகுகிறான், எதனால் உருகினான் என்று அவனுக்கே தெரிவதில்லை.

இந்த வாத்தியம் நம் இந்திய தேசத்துக்கும் வந்தது. கும்பினியார் காலத்தில் காசியில் ரெசிடெண்டாக இருந்த பிரான்சிஸ் போக் என்ற ஆங்கிலேயர், வட இந்தியரின் வீணையைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அது கல்கத்தாவிலிருந்த ஆசிய சங்கத்தின் முதல் தொகுதியில் 1788-ம் ஆண்டில் அச்சாயிற்று. சுர இடைவெளிகளைப் பற்றி எழுதும்போது, தம் காதை மட்டும் நம்பி எழுதவில்லை என்று அவர் சொல்லுகிறார். வீணையை ஹார்ப்சிகார்டோடு சுருதி கூட்டி, இரண்டையும் சுரம் சுரமாய், ஒரு முறைக்கு மேலாகவே ஒத்திட்டுப் பார்த்தாராம்.

அடுத்த ஆண்டே, 1789-ல், வில்லியம் ஹாமில்டன் பேர்டு என்பவர் இந்துஸ்தானிப் பாட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்றபடி எழுதிக் கல்கத்தாவில் புத்தகமாய் அச்சிட்டார். ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு ஐரோப்பிய முறைப்படி அடிச்சுரமும் துணைச்சுரமும் சேர்த்து, தங்கள் வீட்டுக் கூடத்தில் வாசிக்கத்தக்க உருவில் கொடுத்தார். அவரை நான் குறைகூறவில்லை. அவரும் ஆசையோடுதான் செய்தார். ஆயினும் இந்த இருவரிடத்திலும் நாம் கற்றுக்கொள்ள ஒன்றுண்டு. பிறர் சொல்லுவதைச் சுரம் சுரமாய் ஒத்திட்டுக் கேட்பது ஒருவகை. பிறர் பாட்டை நம் தாளத்துக்குள் அடைத்துக் கேட்பது இன்னொரு வகை.

நம் வீடுகளில் எந்த வகை நடக்கிறது? மனைவி வாய் திறக்குமுன்னே, "தெரியும், நீ எங்கே வருகிறாய் என்று" என்கிறார் கணவர். மகன் பரீட்சையைப் பற்றிப் பேச வந்தால், தகப்பனார் தம்முடைய பழைய கஷ்டங்களைப் பாட ஆரம்பித்துவிடுகிறார். வயதான தாயார் மூன்றாம் முறை அதே சங்கதியைச் சொன்னால், "இதைத்தான் அப்பவே சொன்னீங்களே" என்று வாயை அடைக்கிறோம். மூன்று முறை சொல்லுகிறாள் என்றால், ஒரு முறையும் நாம் கேட்கவில்லை என்பதல்லவா அதற்கு அர்த்தம்?

வேதாகமத்திலே எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். பஞ்ச காலத்தில் ஓர் ஓடையருகே அவர் ஒளிந்திருந்தபோது, சர்வேசுரன் காகங்களைக்கொண்டு அவருக்கு ஆகாரம் அனுப்பினார். பின்னொரு நாள் அதே தீர்க்கதரிசி மனமுடைந்து ஒரேப் மலைக்கு ஓடினார். மலையைப் பிளக்கும் பெருங்காற்று வந்தது. அதில் ஆண்டவர் இல்லை. பூமியதிர்ச்சி வந்தது, அதிலும் இல்லை. அக்கினி வந்தது, அதிலும் இல்லை. அதற்குப்பின் ஓர் இளங்காற்று மெல்ல வீசிற்று. அப்போதுதான் எலியாஸ் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலில் வந்து நின்றார். காகத்தின் இறகால் எழும்புகிற அந்த மெல்லிய நாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது. சர்வ வல்லமையுள்ளவர் நம்மைக் கத்திக் கூப்பிடுவதில்லை. கத்தினால் நாம் பயந்து வருவோம். மெல்லக் கூப்பிட்டால்தான் நேசித்து வருவோம்.

நம் தாமிரபரணியையே பாருங்கள். பாபநாசத்தில் அருவியாய் விழும்போது எவ்வளவு இரைச்சல்! வேடிக்கை பார்க்க ஊரெல்லாம் கூடும். ஆனால் அதே தண்ணீர் பாளையங்கால்வாய் வழியாய் வந்து வயலுக்குள் பாயும்போது சத்தமே இல்லை. பயிரை வளர்ப்பது அந்தச் சத்தமில்லாத தண்ணீர்தான். வரப்பில் நின்று காதைத் தீட்டிக் கேட்கிற குடியானவனுக்கு மாத்திரம் மடை திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று தெரியும்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் உதவிக் குருவாயிருந்தேன். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு தாய் கோயில் வாசலில் வந்து நின்றாள். நான் மைக்குக்காரரோடு சத்தம் சரியாய் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். "தோத்திரம் சாமி, ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "திருவிழா முடியட்டும், நாளைக்கழித்து வாங்கம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் திரும்பி, ஒலிபெருக்கி கடைசித் தெரு வரைக்கும் கேட்கிறதா என்று ஆளனுப்பிப் பார்த்தேன்.

அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவள் வீடு பூட்டியிருந்தது. வட்டிக் கடன் தாங்காமல் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் நன்றாய்ப் படித்துக்கொண்டிருந்த மகளின் படிப்பும் நின்றுபோயிற்று. விசாரித்துப் பார்த்தேன், இடம் தெரியவில்லை. அவள் சொல்லியிருந்தால் அந்தக் கடனை என்னால் தீர்த்திருக்க முடியாது. ஆனால் தவணை கேட்டுக் கொடுத்திருக்கலாம். அந்தப் பிள்ளையை ஒரு கன்னியர் விடுதியில் சேர்த்திருக்கலாம். இவை ஒன்றும் முடியாமலே போயிருக்கட்டும். கேட்டிருக்கவாவது முடியும். அன்று என் பிரசங்கம் ஊரெல்லாம் கேட்டது. வாசலில் நின்ற ஒருத்தியின் வார்த்தை எனக்குக் கேட்கவில்லை.

எரிக்கோ பாதையில் கண் தெரியாத ஒரு பிச்சைக்காரன் கூப்பிட்டபோது, கூட்டத்தார் அவனை அதட்டினார்கள். நம் ஆண்டவராகிய சேசுநாதரோ நின்றார். ஜெருசலேமில் பாடுபட்டு மரிக்கப் போகிறவர், அத்தனை பெரிய காரியத்துக்கு நடந்துகொண்டிருந்தவர், ஒரு பிச்சைக்காரனுக்காக நடு வழியில் நின்றார். என்ன வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லும்படி கேட்டார். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டார்.

ஆனபடியால், பிரியமான மக்களே, இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு முயற்சி செய்வோம். இரவில் ஜெபமாலை முடிந்தபின் கால் மணி நேரம் தொலைக்காட்சியும் செல்போனும் வாய் மூடியிருக்கட்டும். நம் ஊர் வெக்கையில் மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை, அது சுற்றட்டும். அந்தக் கால் மணி நேரத்தில் வீட்டிலே யார் மிகவும் குறைவாய்ப் பேசுகிறவர்களோ, அவர்கள் பேசட்டும். குறுக்கே பேசாதேயுங்கள். பேசி முடித்ததும் புத்தி சொல்ல அவசரப்படாதேயுங்கள். கூப்பரேன் செய்ததுபோலச் சற்றுத் தாமதியுங்கள். ஒரு மௌனம் வையுங்கள். பல வேளைகளில் மெய்யான சங்கதி அந்த மௌனத்துக்குப் பின்தான் வெளிவரும். பிள்ளைகளுக்கு ஆசையிருந்தால், ஞாயிறு மாலையில் அவர்கள் செல்போனிலேயே ஹார்ப்சிகார்டு இசையைத் தேடி எல்லாருமாய்க் கேளுங்கள். முதலில் தகரச் சத்தமாய்த்தான் இருக்கும். சத்தத்தைக் கூட்டாமல் இரண்டாம் முறை கேளுங்கள்.

இனிக் கமிட்டியாருக்கு என் பதில். புதிதாய் ஒலிபெருக்கி வேண்டாம். இருக்கிறதையும் தெருப்பக்கம் திருப்பாமல் கோயில் முற்றத்தை நோக்கி வைத்துக்கொள்வோம். தெருவில் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உண்டு. பிறமதச் சகோதரர்களும் உறங்க வேண்டியவர்களே. நாலு ஒலிபெருக்கிக்கு ஆகும் வாடகைப் பணத்தை, இந்த வருஷம் படிப்பு நின்றுபோகிற நிலையிலுள்ள நம் பங்குப் பிள்ளைகளுக்கு எடுத்துவைப்போம்.

எனக்கும் ஒரு பரிகாரம் விதித்துக்கொண்டேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை பங்களாத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். செல்போனை உள்ளே வைத்துவிட்டு வருவேன். கணக்கு நோட்டும் கையில் இராது. யாரும் வரலாம். உரக்கப் பேச வேண்டியதில்லை. திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன்.

இளங்காற்றின் ஓசையில் எலியாஸுக்குத் தம்மை வெளிப்படுத்தின சர்வேசுரன், நம் செவிகளைத் திறந்து, நம் வாயைக் காத்து, நம் வீடுகளைத் தம் சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.

உங்கள் ஆத்தும ஊழியன்,
பங்குக் குரு