கயிற்றை அறுத்தவன் துரோகியா?



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க உயிர் நண்பன் கால் உடைஞ்சு கயிற்றில் தொங்குகிறான். மறுமுனை உங்க இடுப்பில் இருக்கு. பிடிச்சா ரெண்டு பேரும் போவீங்க. அறுத்தா அவன் மட்டும். என்ன செய்வீங்க?

இது கற்பனை இல்லை. 1985-ல் நிஜமாவே நடந்தது.

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் சியூலா கிராண்டே என்று ஒரு சிகரம். உயரம் 6,344 மீட்டர். ஜோ சிம்சன், சைமன் யேட்ஸ் என்ற இரண்டு பிரிட்டன் இளைஞர்கள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். வழியில் ஜோ விழுந்தார். வலது கால் எலும்பு உடைந்து முழங்காலுக்குள் ஏறிவிட்டது.

அந்த உயரத்தில் கால் உடைந்தால் கதை முடிஞ்சது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சைமன் விட்டுட்டுப் போகல. இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு, பனியில் குழி பறித்து உட்கார்ந்து, நண்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். பனிப்புயல், இருட்டு. ஒரு கட்டத்தில் ஜோ பனி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிவிட்டார். கத்தினாலும் மேலே கேட்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சைமன் பிடித்திருந்தார். உட்கார்ந்திருந்த பனி சரிய ஆரம்பித்தது. அப்போதுதான் கத்தியை எடுத்தார்.

ஜோ பனிப்பிளவுக்குள் விழுந்தார், ஆனா சாகல. மேலே ஏற வழியில்லாமல் இன்னும் ஆழத்துக்கு இறங்கி, வேறு பக்கமாக வெளியே வந்தார். சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லாத குறைதான். "அந்தப் பாறை வரைக்கும் 20 நிமிஷம்" என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, உடைந்த காலை இழுத்துக்கொண்டே 3 நாளில் கூடாரம் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் ஊருக்குக் கிளம்ப சில மணி நேரமே பாக்கி.

என் தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "மஞ்சும்மல் பாய்ஸ்ல நண்பனை விட்டுட்டா வந்தாங்க?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா அங்கே மேலே கயிறு பிடிக்க அத்தனை கைகள் இருந்துச்சு. சைமன் ஒத்தை ஆள்.

இன்னொண்ணும் இருக்கு. "கயிறு தானா அறுந்துச்சு"ன்னு சைமன் சொல்லியிருக்கலாம். பார்த்த சாட்சி யாரும் இல்ல. ஆனா கூடாரத்தில் இருந்தவரிடம் உள்ளதைச் சொன்னார். பிறகு பலரும் அவரைக் குறை சொன்னபோது, அவர் பக்கம் நின்றது யார் தெரியுமா? அதே ஜோ. நடந்ததைப் புத்தகமாக எழுதி, அதை சைமனுக்கே சமர்ப்பித்தார்.

அதற்காக, விட்டுட்டுப் போற எல்லோரும் நல்லவங்கன்னு நான் சொல்லல. பாரம் இழுக்கிறதுக்கு முன்னாடியே கத்தியைத் தேடுறவங்களும் உண்டு. யார் எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தாங்க, அறுத்ததை ஒத்துக்கிட்டாங்களான்னு பார்த்துட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லணும்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கு. அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ, என் நண்பன் ஒருத்தன் நாலு மாசம் ராத்திரி ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தான். பணமும் கொடுத்தான். ஒரு நாள், "இனிமே என்னால முடியலடா, என் வேலையே போயிடும்"னு நேரா சொல்லிட்டுப் போனான். மூணு வருஷம் அவனைத் துரோகின்னு ஊரெல்லாம் சொன்னேன். அந்த நாலு மாசத்தை ஒருத்தர்கிட்டகூட சொல்லல.

அவன் அறுத்த நொடி மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. பிடிச்சிருந்த நேரம் மறந்துபோச்சு.

போன வாரம் ஃபோன் பண்ணேன். எடுத்தான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவன்தான் கேட்டான்: "அப்பா எப்படிடா இருக்கார்?"

உங்க மனசுலயும் இப்படி ஒரு பேர் இருந்தா, இன்னிக்கே ஒரு ஃபோன் பண்ணுங்க.

அன்புடன், உங்களில் ஒருவன்.